குழாய் மேல் பழி

"ஏன் பெரியவரே, இந்தத் தெருவுல எல்லாருமே வீட்டுக்குள்ள ஓவர்கோட் போட்டுக்கிட்டுதான் உட்காருவீங்களா?"

கேஸ் இணைப்பைச் சோதிக்க வந்த பெவர்லி, கருவிப் பெட்டியைச் சமையலறைத் தரையில் வைத்தபடி கேட்டாள். வில்ஃபிரட் தொப்பியைக்கூடக் கழற்றாமல் சிரித்து மழுப்பினார்.

"வயசான உடம்பு கண்ணு. டீ போடட்டுமா? பிஸ்கட்டும் இருக்கு."

தனக்கு மட்டுமே டீ போட்டு அலுத்துப்போன கை. இவள் வரப்போகிறாள் என்று இரண்டாவது கோப்பையைக் காலையிலேயே தேடி எடுத்துக் கழுவி வைத்திருந்தார். இங்கிலாந்தின் பர்ன்லி நகரில், சுவரோடு சுவர் ஒட்டிய அந்த வரிசை வீடுகளில் ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். இருந்தும் ரேடியோவை விட்டால் அவரிடம் பேச நாதியில்லை.

"டீ இருக்கட்டும். பிரச்னை என்னன்னு சொல்லுங்க."

"கேஸ் பில்லுதான், ஏறிக்கிட்டே போகுது. இன்னொரு தடவை இப்படி வந்தா, வீட்டை வித்துட்டு முதியோர் இல்லத்துல சேர்த்துடுவேன்னு என் மகன் போன்லயே குதிக்கிறான். எல்லாம் இந்தக் குழாயால வந்த வினை. பழைய பாய்லர் சின்னது. புதுசு பெருசு. குழாயை மட்டும் மாத்தாம விட்டுட்டாங்க. நீ அதை ஒரு வார்த்தை அவன்கிட்ட சொல்லிடு, போதும்."

பெவர்லி மீட்டரிலிருந்து பாய்லர் வரை குழாயைத் தடவிக்கொண்டே போனாள். அழுத்தம் பார்க்கும் கருவியை மாட்டிப் பார்த்தாள்.

"நீங்க சொன்னது சரிதான். குழாய் ஒரு சைஸ் சின்னது."

வில்ஃபிரட்டின் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தியா! நான்தான் சொன்னேனே!"

"அவசரப்படாதீங்க. குழாய் சின்னதா இருந்தா பாய்லருக்கு மூச்சு வாங்கும். வெந்நீர்ல சூடு குறையும். மாத்தித் தர்றேன். ஆனா அதனால பில் இப்படி ஏறாது. வராத கேஸுக்கு மீட்டர் எப்படி ஓடும்? எங்கேயோ ராப்பகலா சூடு போட்டுக்கிட்டு இருக்கீங்க. இந்தச் சமையலறையோ ஐஸ்பெட்டி மாதிரி இருக்கு. மாடியைப் பார்க்கலாமா?"

"மாடியில ஒண்ணுமில்ல கண்ணு. டீ ஆறிடும்..."

"இன்னும் போடவே இல்லையே!"

அவள் சிரித்துக்கொண்டே படியேறிவிட்டாள். வில்ஃபிரட் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்னாலேயே போனார். மாடியிலும் எல்லா இடமும் சில்லிட்டுக் கிடந்தது. கடைசி அறையின் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. கட்டில் இல்லை, நாற்காலி இல்லை, ஆள் புழங்கும் அடையாளமே இல்லை. பக்கத்து வீட்டை ஒட்டிய சுவரில், அதன் நீளத்துக்கும், பாய்லரின் வெந்நீரால் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஒன்று முழு வேகத்தில் கொதித்துக்கொண்டிருந்தது.

பெவர்லி சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"இந்த அறையில யார் இருக்காங்க?"

"யாருமில்ல."

"அப்புறம் என்ன? இதை மூடினா பில் சட்டுன்னு இறங்கிடும். உங்க மகனும் வாயைத் திறக்க மாட்டார். மூடட்டுமா?"

அவள் குனிந்து ரேடியேட்டரின் திருகைத் தொட்டதும் வில்ஃபிரட் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் கண்ணு! சுவருக்கு அந்தப் பக்கம் மூரியல் இருக்காங்க."

"அதனால?"

"புருஷன் போனதுலேருந்து தனி ஆள். பின்பக்க ஜன்னல்ல பார்க்கிறேனே, எந்நேரமும் கோட்டும் கம்பளித் தொப்பியுமா சமையலறையில உட்கார்ந்திருக்காங்க. ஹீட்டிங் போடக் கட்டுப்படியாகலை போல. குப்பைத் தொட்டி வைக்கிறப்போ கேட்டா, 'எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்'ங்கறாங்க. இந்த ஊர்ல யார் வாய்விட்டுக் குளிருதுன்னு சொல்றா? உதவின்னு போய் நின்னா கதவைச் சாத்திடுவாங்க. அதான் இப்படி... ஒத்தைச் செங்கல் சுவர்தானே, கொஞ்சமாவது அந்தப் பக்கம் போகாதா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாயங்காலமானா நானும் வந்து சுவர்ல கையை வெச்சுக்கிட்டு நிப்பேன். தனியா இல்லாத மாதிரி இருக்கும். நான் முதியோர் இல்லத்துக்குப் போயிட்டா அவங்களுக்கு இந்தச் சூடும் இருக்காது கண்ணு."

பெவர்லிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு வீட்டுச் சங்கதியை இன்னொரு வீட்டுல சொல்றது என் வழக்கமில்ல பெரியவரே. ஆனா இதைச் சொல்லாம போனா எனக்குத் தூக்கம் வராது. காலையில மூரியல் வீட்டுக்குத்தான் போயிருந்தேன். அங்கேயும் இதே பில். இதே காலி அறை. இதே சுவர்ல ரேடியேட்டர் கொதிக்குது. மூடப் போனா, உங்களை மாதிரியே என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'வேண்டாம்மா, பக்கத்து வீட்டு மனுஷன் பாவம், எந்நேரமும் ஓவர்கோட்டோடயே உட்கார்ந்திருக்கார்'னாங்க."