பச்சைப் பட்டை

தீபாவளியிலிருந்து என் மகள் நறுமுகையின் மணிக்கட்டுப் பட்டை பச்சையாகவே இருந்தது. அவளுடைய எலும்பு மஜ்ஜைக்குள் விட்டிருந்த காவல் செல்கள், சளிக் காய்ச்சல் மாதிரி சின்னக் கோளாறு என்றால் பட்டையை மஞ்சளாக்கும். புற்றுநோய் திரும்பினால் சிவப்பாக்கும். பச்சை என்றால் எல்லாம் நலம். நான் அபார்ட்மெண்ட் முழுக்க லட்டு கொடுத்தேன். என் மனைவி சுகந்தி ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"இப்படி ஒரேயடியா பச்சையா இருந்ததே இல்லைங்க. போன வருஷம் பல்லு விழுந்ததுக்கே மஞ்சளாச்சு."

"நல்லது நடந்தாலும் உனக்குப் பொறுக்காதா?" எரிந்து விழுந்தேன்.

"காவலுக்குப் போட்ட செல்லையே அந்தப் புத்துநோய் கைக்குள்ள போட்டுக்கிட்டா? மஜ்ஜையில அக்கம்பக்கத்துச் செல்லையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கும்னு டாக்டரே சொன்னாங்கல்ல?"

மறுநாள் அடைமழை. சுகந்தி மகளை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் ஆடவிட்டாள். தலை துவட்டவில்லை. கேட்டபோதெல்லாம் குல்ஃபி கொடுத்தாள். இரண்டு வருஷமாக வெந்நீரைத் தவிர எதையும் கண்ணில் காட்டாதவள்!

"உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன்.

"சளி பிடிக்கட்டும். மஞ்சள் வந்துட்டா உங்க கால்ல விழறேன்."

சளி பிடித்தது. நெற்றி கொதித்தது. நறுமுகை ஒரு தும்மல் போட்டு, மூக்கை என் சட்டையில் துடைத்துக்கொண்டு, கையை நீட்டினாள்.

"பாருப்பா, காய்ச்சல்லகூட பச்சை! எனக்குச் சரியாயிடுச்சுல்ல?"

சுகந்தி ஏற்கெனவே பரண்மேலிருந்து ஆஸ்பத்திரிப் பையை இறக்கிக்கொண்டிருந்தாள்.