அட்டையில் இருந்த வயது

“உதயசூரியன்!”

லத்தா கடைத்தெருவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் இரண்டாவது முறை கூப்பிட்ட பிறகுதான் அவன் எழுந்து போனான்.

அடையாள அட்டையைப் பார்த்த ஏஜென்ட் சிரித்தார். “முப்பத்தாறா? ஆளைப் பார்த்தா தெரியலையே! பட்டாளத்துக்கு ஆள் வேணும்னு முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் நாட்டை விட்டுப் போக விடமாட்டேங்குறாங்க. நீங்க தப்பிச்சீங்க.”

“அப்போ ஆப்பிள் பறிக்கிற சீசனுக்கு விசா கிடைச்சிருமா?”

“அந்த நாட்டுல முப்பது வயசுக்கு மேல எடுக்க மாட்டாங்களே, தம்பி.”

வாசலில் மனைவி ரேவதி காத்திருந்தாள்.

“என்ன சொன்னாங்க?”

அட்டையை அவளிடம் நீட்டினான்.

“அம்மா பெட்டியிலேயே வெச்சிரு. உசுரோட இருக்கிற எனக்கு இருபத்தெட்டு, இங்கே வெளியே விடமாட்டாங்க. செத்துப்போன அண்ணனுக்கு முப்பத்தாறு, அங்கே எடுக்க மாட்டாங்களாம்.”