செவலை படுத்த இடம்

"வீட்ட எங்க கட்டுறதுண்டு மேசன்கிட்ட கேக்காம மாட்டுக்கிட்டயா கேக்கப்போறீங்க?"

ஹலீம் நானாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அலவத்துகொடையில் மரவியாபாரம் செய்பவர் அவர். பன்வில ரோட்டுக்குக் கீழே இருந்த இந்தச் சரிவில் யூகலிப்டஸ் மரங்களை வெட்டி லொறி லொறியாக ஏற்றிப் போனவரும், வெறும் அடிக்கட்டையும் முள்ளும் மிஞ்சிய நிலத்தை ராஜலிங்கத்தின் தலையில் கட்டியவரும் அவர்தான். இதில் என்ன விளையப்போகிறது என்றுதான் அன்று நினைத்தார். இன்று அந்தப் பக்கம் வந்தவர் சரிவு முழுக்கக் கினிப்புல் பச்சைப்பசேலென்று நிற்பதைக் கண்டு பைக்கை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார்.

"எங்க ஆளுங்க வழக்கம் நானா," என்றான் ராஜலிங்கம். "புது நெலத்துல மாட்ட அவுத்து விடணும். மேஞ்சிட்டு அது எங்க படுக்குதோ, அங்கதான் அத்திவாரம் வெட்டணும்."

"அப்ப அவுத்து உட வேண்டியதுதானே? புருஷனும் பொஞ்சாதியும் என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு ஈக்கிறீங்க?"

"இவரக் கேளுங்க," என்று பிடித்துக்கொண்டாள் அவன் மனைவி சஞ்சீவனி. "இவருக்கு மேல ரோட்டோரத்துல வீடு வேணுமாம். எனக்குக் கீழ தண்ணி விழுற பீலிக்கிட்ட வேணும். தோட்டத்து லயத்துல இருந்த காலம் பூரா தண்ணிக் கொடத்தத் தூக்கிக்கிட்டு மேடு ஏறுனவ நானு. சொந்த நெலத்துக்கு வந்தும் ஏறணுமா?"

"பால் லொறி மேல ரோட்டுலதானே நிக்கிது! கீழ கட்டுனா விடியக்காலம் பால் கேனத் தூக்கிக்கிட்டு யாரு ஏறுறது? இந்த முழங்காலோடயா?"

மண் தோண்டும் பெக்கோ மெஷின் இறங்க முடியாத சரிவில் அலவாங்கு போட்டு நெம்பிக் கட்டைகளைக் கிளப்பியவன் அவன். அப்போது ஒன்று உருண்டு வந்து வலது முழங்காலைப் பதம் பார்த்துவிட்டது. அதிலிருந்து நொண்டல்தான்.

"மோட்டர் போட்டுத் தண்ணிய மேல ஏத்துறதுதானே?" என்றார் ஹலீம் நானா.

"மொதல்ல கரண்ட் வரட்டும் நானா!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

மரக்கட்டைகளைப் பிடுங்கிய நாளிலிருந்து இதே சண்டையாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத அளவுக்கு முற்றிப்போய், கடைசியில் மாடு சொல்வதைக் கேட்போம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

செவலைப் பசுவை அவிழ்த்து விட்டார்கள். அது இரண்டு வாய் புல்லைக் கடித்தது. பிறகு மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்துக்கொண்டு நேரே கீழே பீலிப் பக்கம் இறங்கியது. அங்கே தலையைக் குனிந்து தரையை நக்கத் தொடங்கியது.

"தங்கச்சி, ஒங்கட பக்கம் சாஞ்சிட்டுது!" என்று கூவினார் ஹலீம் நானா.

சஞ்சீவனி சிரிக்கவில்லை. "இன்னும் படுக்கலியே நானா," என்றாள்.

அவள் சொன்னது சரிதான். செவலை பீலியில் தண்ணீர் குடித்துவிட்டு விறுவிறுவென்று மேலே ஏறியது. ரோட்டோரத்தில் நின்று அங்கேயும் தரையை நக்கியது.

"ராஜலிங்கம், யோகம் ஒனக்குத்தான்!"

ராஜலிங்கமும் சிரிக்கவில்லை. "படுக்கட்டும், பாப்போம்," என்று முனகினான்.

செவலை மறுபடி கீழே இறங்கியது. மறுபடி மேலே ஏறியது. ஹலீம் நானாவின் போன் அடித்தது. யாரென்றுகூடப் பார்க்காமல் அணைத்துவிட்டார். மாடு எங்கே படுக்கும் என்று தெரியாமல் இனி அவரால் வீடு போய்ச் சேர முடியாது. அப்படி ஏறி இறங்கிக் களைத்துப்போன செவலை, கடைசியில் சரிவின் நட்டநடுவில் தொப்பென்று படுத்து அசைபோட ஆரம்பித்தது.

மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

"இது என்ன கூத்து? இவ்வளவு புல்லு ஈக்கிற எடத்துல மாடு என்னத்துக்கு மண்ண நக்குது?" என்று கேட்டுக்கொண்டே ஹலீம் நானா சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பீலியடிக்கு இறங்கினார். மாடு நக்கிய இடத்தில் ஒரு விரல் மண்ணை எடுத்து நாக்கில் வைத்தார். தூவென்று துப்பினார்.

"உப்பு! கட்ட துளிர்க்காம ஈக்க உப்பு வெச்சியா ராஜலிங்கம்?"

"அந்த எடத்துல மரமே நிக்கலியே நானா," என்றாள் சஞ்சீவனி.

ஹலீம் நானாவுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. "அடி கெட்டிக்காரி! மாட்டுக்கே லஞ்சம் குடுத்தீக்கிறீங்களா?"

சஞ்சீவனியின் முகம் வெளுத்தது. "எம் புள்ளைங்க மேல சத்தியமா, கீழ நான் போடல!"

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க நானா." ராஜலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். "நான்தான் கொட்டுனேன். கொடம் தூக்கித் தூக்கி அவ இடுப்பு போச்சு, இனியாவது ஏறாம இருக்கட்டுமேன்னு தோணிச்சி. இவ்வளவு நாளு சண்ட போட்ட வாயால எப்பிடி விட்டுக்குடுக்கிறது? அதான், மாடு சொன்னதா இருக்கட்டும்னு..."

ஹலீம் நானா மேலே ரோட்டோரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அது சரிப்பா. அப்ப மேல போய் அது என்னத்த நக்கிச்சி?"

சஞ்சீவனி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வெகுநாளைக்குப் பிறகு புருஷனின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மேல கொட்டுனது நானுங்க," என்றாள். "ஒங்க முழங்கால நெனச்சி."