தகரக் கதவு

தடுப்பூசி விட்டுப்போன குழந்தை இருக்கும் வீட்டுக் கதவில் நர்ஸ் ஜெயசீலி சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவாள். ஊசி போட்டதும் அழித்துவிடுவாள். செங்கல் சூளையில் பூவாயியின் தகரக் கதவிலும் அப்படித்தான் போட்டு அழித்தாள். சூளை மூடியதும் பூவாயி குடும்பம் கரும்பு வெட்டக் கிளம்பியது. கதவும் கூடவே போயிற்று.

கரும்புத் தோட்டத்துக்கு வந்த ஜெயசீலி அந்தக் கதவைப் பார்த்து நின்றாள். கரியால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி.

"உன் பிள்ளைக்குத்தான் எல்லாம் போட்டாச்சே. இதை யாரு போட்டது?"

"நான்தான் சிஸ்டர்."

பூவாயி பக்கத்துக் குடிசையைக் காட்டினாள். வாசலில் பழைய சேலை ஒன்று தொங்கியது. அதன் பின்னால் ஒரு கைக்குழந்தை இருமியது.

"அவங்களுக்குக் கதவு இல்ல."