துருப்பிடிக்கும் உயரம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. பூஜாவோடு கல்லூரியில் படித்த தோழி சொல்லிக் கேட்டது.

"இந்தப் பொண்ணுக்கு நம்ம மலை ஒத்துக்கல. அம்மா வூட்டுக்கு அனுப்பிடுங்க."

மாமியார் மங்கம்மாள் இப்படிச் சொன்னபோது கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். பூஜா கீழே திருப்பத்தூரிலிருந்து மலைமேல் புதூர்நாட்டுக்கு வாழ வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஒத்துக்கல?" என்றார் மாமனார் துரைக்கண்ணு.

"உசரமான எடத்துல ஆக்சிஜன் கம்மியாம். ஒடம்பு உள்ளுக்குள்ளயே துரு புடிக்கிற மாதிரி கெட்டுப்பூடுமாம். கீழ வளந்த பொண்ணு தாங்குமா?"

பூஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவளுடைய கல்லூரிப் பாடம். அடுப்படியில், யாருமில்லை என்று நினைத்து வாய்விட்டுப் படித்தது.

கடைசி வருடப் பரீட்சையை எழுதிவிடுகிறேன் என்று எவ்வளவோ கெஞ்சியிருந்தாள். "மருமக இனிமே படிக்க மாட்டாளுனு நாலு பேர் முன்னால சொல்லிட்டேன்" என்று மாமனார் மறுத்துவிட்டார்.

இப்போது ஒளிந்து படித்ததற்கு வீட்டை விட்டே அனுப்புகிறார்களா?

"இல்லீங்க மாமா, அதெல்லாம் எட்டாயிரம் அடிக்கு மேல. நம்ம மலை அதுல பாதிகூட..."

"பாத்தீங்களா, நாலு வார்த்த பேசறதுக்குள்ள மூச்சு வாங்குது" என்று மடக்கினாள் மங்கம்மாள்.

"கல்லு மாதிரி இருக்குது பொண்ணு. வெரட்டறதுக்கு இன்னா சாக்கு பாரு" என்று ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தாள்.

துரைக்கண்ணு மருமகளை ஒருமுறை பார்த்தார். மனைவியையும் பார்த்தார்.

"ரெண்டு மாசம் கீழ இருந்துட்டு வரட்டும். ஒடம்புக்குனு வந்துட்டா அப்புறம் இன்னா பேச்சு?"

மறுநாள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் பூஜா அழுதுவிட்டாள். "நான் இன்னா தப்புங்க அத்தை பண்ணேன்?"

மங்கம்மாள் அவள் காதருகே குனிந்தாள்.

"அழுவாத. போய்ட்டு பரீட்சைய எழுது. எழுதி முடிச்சா மூச்சு தானா சரியாய்டும். மாமாவுக்கு மட்டும் தெரிய வாணாம். பாவம், நம்பிட்டாரு."

பூஜா எழுதினாள், தேறினாள். தோழி சொன்னது அவ்வளவுதான்.

துரைக்கண்ணு பழைய பட்டாளத்துக்காரர் என்றும் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். பட்டாளத்தில் எங்கே இருந்தார் என்று பிறகு நான் விசாரித்தேன்.

லடாக்கில். பதினைந்தாயிரம் அடிக்கு மேல், ஐந்து குளிர்காலம்.