அழுத முகத்துக்கு ஒரு சாவி

எதிர்வீட்டு மங்கை வேலை முடிந்து வந்தால், அவள் வீட்டுக் கதவு முகத்தைப் பார்க்கும், கைப்பிடியைத் தொட்டதும் நாடியையும் பார்க்கும். கோபமோ அழுகையோ தெரிந்தால், “மனம் அமைதியானதும் வாருங்கள்” என்று தேனொழுகச் சொல்லிவிட்டு மூடியே இருக்கும்; உள்ளேயிருந்து யார் திறந்தாலும் திறக்காது. இப்போது வருகிற கதவெல்லாம் அப்படித்தான். குடும்பத்தில் நிம்மதி வேண்டுமாம்.

மங்கைக்கு ஒரு மருத்துவமனையின் புகார்ப் பிரிவில் வேலை. நாள் முழுக்க ஏச்சு வாங்கிவிட்டு வருகிறவள் எப்படிச் சிரிப்பாள்? நடைவழியில் என் நாற்காலியில்தான் வந்து உட்காருவாள். நானும் காபியைக் கொடுத்து முழுக் கதையையும் வாங்கிவிடுவேன். அழுது ஓய்ந்து அவள் உள்ளே போகும்போது, கணவன் எழிலனுக்கு மிஞ்சுவது ஒரு ‘ம்’ மட்டும்தான்.

போன வாரம் அவன் சாவிக்காரர் செய்யதைக் கூட்டிவந்தான். தீ விபத்துக்கென்று கதவில் விட்டிருந்த சாவித் துளையில், வெட்டாத சாவியை நுழைத்துத் திருகி, வெளியே எடுத்து, தடம் விழுந்த இடத்தை அராவினார் செய்யது. மறுபடி நுழைத்தார், மறுபடி அராவினார்.

“நல்லா இருக்கிற கதவை ஏன் தம்பி நோண்டுறீங்க?” என்றேன்.

“அவ அழுகையெல்லாம் உங்களுக்கே போகுதுக்கா. எனக்கும் கொஞ்சம் வேணும்.”

எனக்குச் சுருக்கென்றது.

நேற்று மங்கை கண்ணைக்கூடத் துடைக்காமல் வந்தாள். கதவு வழக்கம்போல உபதேசித்தது. அது முடிப்பதற்குள் சாவியைப் போட்டுத் திருகி உள்ளே போய்விட்டாள். ஒரே அழுகை, நடுநடுவே யாருக்கோ திட்டு. எழிலன் “அப்புறம்?”, “அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் சொன்னது என் வீடுவரை கேட்டது.

“இந்த மூஞ்சியோடயே உள்ள விட்டீங்களே, நல்லா இருப்பீங்க.”