பின்சீட்டு டிவி

ஈஜிபுராவில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடு. பக்கத்து வீட்டில் தும்மினால்கூடக் கேட்கும். அதனால் நிக்கோலும் ஜாய்சனும் தங்கள் சண்டையை வேனுக்கு மாற்றிக்கொண்டார்கள். ஒன்பது வயது மகள் ஜெமிமாவைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் முக்கால் மணி நேரம் அதற்குப் போதுமானதாக இருந்தது.

பின்சீட்டில் அவளுக்குக் கூரையிலிருந்து தொங்கும் டிவி, காதை மூடிய ஹெட்போன், கார்ட்டூன். முன்னால் பேசுவது எதுவும் கேட்காது.

"இந்த மாசத்தோட முடிச்சிக்கலாம்," என்றான் ஜாய்சன், சிக்னலைப் பார்த்தபடி. "நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிடு."

"போறேன். பாப்பா என்கூடத்தான் வருவா."

"அவள நான் விடமாட்டேன்."

"விடறதுக்கு நீங்க யாரு?"

நிக்கோலின் குரல் உயர்ந்தபோது ஜெமிமா பின்னால் கலகலவென்று சிரித்தாள். இருவரும் சட்டென்று அடங்கினார்கள். தினமும் இப்படித்தான். சண்டை முற்றும் நேரம் பார்த்து அந்தக் கார்ட்டூனில் ஏதாவது வேடிக்கை வந்துவிடும்.

நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று நிக்கோல் நினைத்துக்கொண்டாள்.

மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வேனை நீலசந்திராவில் சர்வீஸுக்கு விட்டார்கள். மெக்கானிக் எத்திராஜ் உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"சார், டிவியையும் சரி பண்ணிடவா? மழைத்தண்ணி எறங்கி உள்ள பூரா துரு. ஒரு மாசமா இதுல படமும் வந்திருக்காது, சத்தமும் வந்திருக்காது."

"இல்லண்ணா, நல்லாத்தானே ஓடுது," என்றாள் நிக்கோல். "காலைலகூட பாப்பா பாத்து சிரிச்சா..."

அவள் பின்சீட்டில் ஏறி, மகளின் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு டிவியைப் போட்டுப் பார்த்தாள்.